தீனிக்கு மூடி கேட்டேன்

போன வாரம் கம்போங் ராஜாவில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். தேநீருக்குச் சீனி எடுக்கலாம் என்று சமையலறை அலமாரியின் கீழ்க்கதவைத் திறந்தேன். அந்த வாடை வந்து மூக்கில் அறைந்தது. நனைந்து காய்ந்த பழைய சாக்கு, அதன்மேல் கொஞ்சம் நவச்சாரம், அடியில் எங்கோ வறுத்த கடலை. எலி மூத்திரம். சீனியை மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாண்ணே, தல சுத்துதா?" என்று ஓடிவந்தாள் தங்கை.

"உள்ள என்னா வெச்சிருக்க?"

"பாப்பாவோட ஹேம்ஸ்டர் தீனி. ஏன்?"

ஒரு பிளாஸ்டிக் பை. வாயை அழகாக மடித்து, துணி காயப்போடும் கிளிப்பை மாட்டியிருந்தாள். பையைத் தூக்கினேன். அடி மூலையிலிருந்து சூரியகாந்தி விதைகள் பொலபொலவென்று என் மடியில் கொட்டின. கட்டைவிரல் நுழைகிற ஓட்டை.

"கிளிப்பு போட்டுத்தானே வெச்சேன்."

"எலி கிளிப்பத் தெறக்கும்னு ஒனக்கு யாரு சொன்னா? அது பையத் தெறக்குது."

"அட விடுங்கலா. ரெண்டு வெத தின்னுட்டுப் போயிருக்கும். மிச்சத்தப் போட்டா ஒண்ணும் ஆவாது."

எனக்குக் கோபம் வந்தது. தங்கைமேல் இல்லை. ஒண்ணும் ஆவாது என்கிற அதே வாக்கியத்தை, இஸ்திரி போட்ட சட்டைக்குள்ளிருந்து, மெதுவான குரலில், வருஷக்கணக்காகக் கேட்டவன் நான். அந்த வாக்கியத்தால் பதினோரு உயிர் போனது. ஒரு பெண்ணின் வீடு போனது. பையைக் கட்டி வெளியே எறிந்தேன். அலமாரியைக் குளோரின் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். தங்கை என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதே நேரத்தில்தான் நான் வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு செய்தியும் வந்தது. இப்போது ஸ்டோரில் இருக்கும் பிள்ளைகள் கேட்டிருந்தார்கள்: "அண்ணே, தீனிய எலிகிட்ட இருந்து எப்படிக் காப்பாத்துறதுன்னு ஒரு பக்கம் எழுதித் தாங்க. செவுத்துல ஒட்டணும்." கூடவே, ஏற்கனவே சுவரில் இருக்கும் அறிவிப்பின் படத்தையும் அனுப்பியிருந்தார்கள். அதன் முதல் வரி: ஊழியர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

ஒரு பக்கத்தில் அடங்காது, பிள்ளைகளே. அந்த முதல் வரிக்கே எனக்குப் பல பக்கம் வேண்டும்.

நான் பதினெட்டு வயதில் எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்தவன். பொட்டலம் கட்டும் அறையில் பதினாறு வருஷம். அங்கே கற்றுக்கொண்டதை மூன்று மூச்சில் சொல்லிவிடலாம். சாக்கு தரையில் உட்காரக்கூடாது, பலகைமேல் நிற்க வேண்டும். சாக்கு சுவரில் சாயக்கூடாது, நடுவில் ஆள் குனிந்து பார்க்க இடம் வேண்டும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். நாலாவது ஒன்று உண்டு, அதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதுவாக வரும்: மூக்கு. மூடிய அறைக்குள் எவன் பையில் நேற்று வாங்கிய கருவாடு இருக்கிறது என்று தேயிலைக்காரன் வாசலிலேயே சொல்லிவிடுவான். எனக்கு அந்த மூக்குமேல் கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தைப் பற்றியும் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறகு கட்டுகிற வேலைக்கு மெஷின் வந்தது. கைகள் மிச்சமாயின. அதே சமயம் எஸ்டேட், பள்ளத்தாக்கைப் பார்த்து ஒரு டீக்கடையைக் கட்டி, அதன் பக்கத்திலேயே டூரிஸ்ட் பிள்ளைகள் கொஞ்சுவதற்கு முயல், கினி பன்றி, ஹேம்ஸ்டர் என்று ஒரு சின்னத் தோட்டம் போட்டது. மிச்சமான கைகளில் என் கைகளை அங்கே அனுப்பினார்கள். ஸ்டோர் என் பொறுப்பு.

ஸ்டோர் என்றால் பழைய உரக் கொட்டகை. பலகைச் சுவர், தகரக் கூரை, வெடித்த சிமெண்டுத் தரை. பின்சுவரிலிருந்து ஓரடி தள்ளித் தேயிலைச் செடி தொடங்கிவிடும். செடிக்குப் பின்னால் காடு. மலை முழுக்க இருக்கிற எலிகளுக்கு நாங்கள் வாசலில் விருந்து வைத்த மாதிரிதான். குளிரும் மழையும் மாறி மாறி வருகிற ஊரில், இரவும் பகலும் உலர்ந்த இடம், நாட்டுச்சர்க்கரைப் பாகு விட்டு அழுத்திய புல் உருண்டைகள். வராமல் இருந்தால்தான் அதிசயம்.

தீனி போடுவது ரெஜினா. அவளுடைய கணவன் தொழிற்சாலையில் இலை சுருட்டும் மெஷினில் நின்றவன். அவன் இறந்த பிறகு, அவன் பெயரில் எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டை இவள் வேலையின் பெயருக்கு மாற்றி எழுதியிருந்தார்கள். வேலை இருக்கும்வரை வீடு. அவ்வளவுதான் ஒப்பந்தம். அந்த வீட்டுக்கு அவள் தானே சுண்ணாம்பு அடித்து, வாசலில் செம்பருத்தியும், சுவரில் மாதா படமும் வைத்திருந்தாள்.

அவளை மாதிரி வேலை செய்த ஒருவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. காலையில் கிண்ணங்களை வரிசையாக வைத்து அளந்து போடுவாள். நாலு மணிக்கு, மூடுபனி ஏறுவதற்கு முன், மிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாக் கிண்ணத்தையும் எடுத்து, கழுவி, கம்பிமேல் கவிழ்த்துவிடுவாள். கூண்டடியில் சிந்தியதைத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கூட்டுவாள். காய்ந்தபடி கூட்டினால் எலி அசுத்தம் தூசாகி மூச்சில் ஏறும் என்று அவளுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. எஸ்டேட்டில் ஒருவன் கென்சிங் தீக்குஸ் என்கிற எலிக்காய்ச்சலில் கிடந்ததைப் பார்த்துத் தானே பழகிக்கொண்டாள். இரண்டு கினி பன்றிகளுக்கு அவள் வைத்த பெயர் கங்காணி, கிராணி: எஸ்டேட்டில் வேலை வாங்குகிறவர், கணக்கு எழுதுகிறவர்.

"ஏன்மா அந்தப் பேரு?"

"வேல செய்யுதுங்களா? இல்ல. ஆனா காலையில நான் வாசல்ல கால வெக்கிறப்பவே கத்துதுங்க பாருங்க, சீக்கிரம் வா, சீக்கிரம் வான்னு. அப்ப வேற என்னா பேருண்ணே வெப்பேன்?"

ஒரு நாள் அவள் கூடையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். "அண்ணே, இன்னைக்குத் தாளிச்சே அனுப்பிட்டீங்களா? கருஞ்சீரகம் கெடக்கு." குனிந்து பார்த்தேன். எலிப்புழுக்கை.

இங்கேதான் எங்கள் மேலாளர் தனபாலன் சார் வருகிறார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கெட்டவர் மாதிரி இருக்கவே மாட்டார். ஈப்போவிலிருந்து வந்தவர். குரலை உயர்த்தியதே இல்லை. யாரையும் திட்டியதில்லை. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. நான் 'ஸ்டோர்'. ரெஜினா 'பீடிங்'. கார் நிறுத்தும் இடத்தில் நிற்கிறவர் 'பார்க்கிங்'. ஸ்டோர் வாசல்படிவரை வருவார். உள்ளே ஒரு நாளும் கால் வைத்ததில்லை, ஷூ அழுக்காகும். வாசலில் நின்று, நாம் சொல்வதைத் தலையைச் சாய்த்து முழுதும் கேட்பார். நடுவில் குறுக்கிட மாட்டார். கேட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துச் சின்னப் புத்தகத்தில் ஏதோ எழுதி, "நோட்டட்" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டால், உங்கள் கோரிக்கையைக் குளிப்பாட்டிப் பாடையில் வைத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மூடி இறுக்கமாக உட்காருகிற தகரத் தோங், பெரிய டிரம் மாதிரி, நாலு. பிளாஸ்டிக் வேண்டாம், எலிப் பல்லுக்குப் பிளாஸ்டிக் ஒரு இரவு வேலை.

"தீனி மூச்சு விடணும், ஸ்டோர்," என்றார். "இந்த ஊரு ஈரத்துல மூடி வெச்சா பூஞ்சை புடிக்கும். சாக்கு வாயத் தெறந்தே வைங்க. காத்து படட்டும்."

"சார், ஈரமே காத்துலதான் வருது. டீத்தூள நாம தெறந்தா வெக்கிறோம்? காஞ்சத காஞ்ச டின்னுல போட்டு மூடினா பூஞ்சை வராது. தெறந்து வெச்சாத்தான் வரும்."

"டீ வேற, தீனி வேற."

"எலிக்கு வித்தியாசம் தெரியும் சார். டீய அது தின்னாது."

சிரித்தார். நல்ல சிரிப்பு. "குப்பை போடுற தோங் சம்பா மாதிரி இருக்கும், ஸ்டோர். டூரிஸ்ட்டு போட்டோ எடுக்குற எடத்துல குப்பத்தொட்டி வெச்சா நல்லாவா இருக்கும்? பிரம்புக் கூடை எவ்வளவு அழகா இருக்கு. எலி ரெண்டு வாய் தின்னா ஒண்ணும் ஆவாது. நோட்டட்."

கூடைகள் உண்மையிலேயே அழகுதான். பெரிய பிரம்புக் கூடைகளில் தீனியைக் கோபுரமாகக் குவித்து, பக்கத்தில் காகிதக் கோப்பைகளை அடுக்கி வைத்திருப்போம். பிள்ளைகள் அள்ளிக்கொண்டு முயலிடம் ஓடும். காலையில் நான் சாக்கிலிருந்து கூடையை நிரப்புவேன். சாயங்காலம் மிஞ்சியதைச் சாக்கிலேயே திரும்பக் கொட்ட வேண்டும் என்பது உத்தரவு. பத்துப் பிள்ளைகளின் கைபட்ட தீனி, பழையதும் புதியதும் ஒன்றாக, வாய் திறந்த சாக்கில், பலகைச் சுவரோரம். தொழிற்சாலையில் கற்ற மூன்றையும் ஒரே சாயங்காலத்தில் மிதித்துவிட்டு வீட்டுக்குப் போவேன். ஒன்றரை வருஷத்தில் நாலு தடவை கேட்டேன். நாலு நோட்டட்.

அப்புறம் ஒரு பள்ளி விடுமுறையில், நல்ல கூட்டத்தில், ஒரு டூரிஸ்ட் அம்மாள் கூடைக்குள் கை விட்டார். கூடைக்குள்ளிருந்து ஒன்று அவர் கைமேல் ஏறி ஓடியது. அந்த அலறல் பக்கத்து ஊர் பிரிஞ்சாங்வரை கேட்டிருக்கும்.

தோங் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகியும் வரவில்லை. விஷம் ஒன்றரை மணி நேரத்தில் வந்தது.

குருணை மாதிரியான தானியம், பச்சைச் சாயம் ஏற்றியது, சின்னச் சின்னப் பொட்டலத்தில். நான் வாசலுக்குப் போய்ச் சொன்னேன்: "சார், இத வெக்கிறதா இருந்தா கொட்டாய்க்கு வெளிய, பூட்டு போட்ட பொட்டிக்குள்ள வெக்கணும். தீனி இருக்கிற எடத்துல வெக்கக்கூடாது."

"எலி உள்ளதானே வருது, ஸ்டோர்?"

"எலி திங்கிறது மட்டுமில்ல சார், தூக்கிட்டும் போவும்."

"தூக்கிட்டுப் போவட்டும். நமக்கு அதானே வேணும்?" பென்சில். புத்தகம். அந்தச் சொல்.

வைத்தேன். இதை மறைக்க மாட்டேன். ஒன்பது தட்டில், சுவரோரமாக, என் கையால் வைத்தேன். மறுநாள் காலை ஒன்பது தட்டும் துடைத்த மாதிரி இருந்தன. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தின்று தொலைந்தன என்று திரும்ப நிரப்பினேன். அன்றும் காலி. செத்த எலி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே என்று ஒரு நொடி தோன்றியது. குனிந்து சாக்கைப் பார்த்தேனா? இல்லை. தீனியை ஒரு கை அள்ளி மூக்கில் வைத்து இழுத்தேன். புல் வாசம், பாகு வாசம், சுத்தமாக இருந்தது. இந்த மூக்குக்குத் தெரியாத கெடுதல் எது என்று கூடையை நிரப்பி அனுப்பினேன். தேயிலைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அந்த விஷத்துக்கு வாசனை கிடையாது. கண்ணால் பார்க்க வேண்டியதை மூக்கால் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் கங்காணி கத்தவில்லை.

ரெஜினா கூண்டின் முன் தரையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்திருந்தாள். மூக்கு நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு. துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்தது. "அண்ணே, வாயத் தெறந்து பாருங்க. ஈறெல்லாம் சுண்ணாம்பா வெளுத்துப் போச்சு." மத்தியானத்துக்குள் அது போனது. மறுநாள் மூன்று முயல். நாலு நாளில் பதினொன்று. சத்தமில்லாமல், ஒவ்வொன்றாக, உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசிந்து. அவள் ஒவ்வொன்றையும் பழைய துணியில் சுற்றிச் செடிக்குக் கீழே புதைத்தாள். ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவிவிட்டு வந்து மற்றவற்றுக்குத் தீனி போட்டாள். அவள் போட்டது நான் அனுப்பிய தீனி.

தனபாலன் சார் வாசலில் வந்து நின்றார். "பீடிங், நீ கோசு எலை குடுத்தியா?"

"குடுத்தேன் சார். எப்பயும் குடுக்குறதுதானே? கியா பார்ம் காய்கறிக் கடையில ஒதுக்குற மேல் எலை. நீங்கதான் வாங்கிக்கச் சொன்னீங்க. மூணு தண்ணி அலசித்தான் போட்டேன்."

"அதான். மருந்து அடிச்ச எலை," என்றார். துக்கமான குரல்தான். "இப்படிப் பண்ணிட்டியே."

முடிந்தது விசாரணை. மிருக டாக்டரைக் கூப்பிடவில்லை. ஒரு முயலைக்கூட அறுத்துப் பார்க்கவில்லை. டூரிஸ்ட்டுக்கு ஒரு பதில் வேண்டும், மேலே பெரிய துரைக்கு ஒரு பதில் வேண்டும். வாசலுக்கு மிக அருகில் நின்றிருந்த பதில் ரெஜினா.

கடிதம் மலாயில் வந்தது. அவள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். சந்தை மலாய் தெரியும், ஆபீஸ் மலாய் தெரியாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். விரலை ஒரு சொல்லின்மேல் வைத்திருந்தாள். 'சுவாய்'.

"இது என்னாண்ணே? சுவைன்னா போட்டிருக்கு? முயலு தீனிய நான் ருசி பாத்தேன்னு எழுதிட்டாங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் சிரிக்கவில்லை. "அஜாக்கிரதைன்னு அர்த்தம்மா. ஒன் கவனக்குறைவால செத்துச்சுன்னு போட்டிருக்கு. வேல இல்ல. வாரக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணணும்."

அவள் விரல் அந்தச் சொல்லைவிட்டு எழவில்லை. "அஜாக்கிரதையா?" என்றாள். "நானா?"

அவள் போன பிறகு, கை சும்மா இருக்க முடியாமல், ஸ்டோரைக் கழுவலாம் என்று சாக்கை இழுத்தேன். சுவர்ப்பக்க அடி மூலையில் ஓர் ஓட்டை. இருபது சென் காசு அதில் நுழையும். சாக்கைத் தலைகீழாகக் கொட்டினேன். பச்சைப் புல் உருண்டைகளுக்கு நடுவே இரண்டு கைப்பிடி பச்சைக் குருணை. எலிகள் தின்னவில்லை. ஒன்பது தட்டையும் காலி செய்து, இருட்டான பத்திரமான இடம் என்று என் சாக்குக்குள் கொண்டுவந்து சேமித்திருந்தன. அவற்றுக்குத் தெரிந்த பத்திரம்கூட எங்களுக்குத் தெரியவில்லை. நான் தினமும் மேலிருந்து அள்ளி அள்ளி, பழையதைத் திரும்பக் கொட்டிக் கொட்டி, அதை நன்றாகக் கலந்துவிட்டிருக்கிறேன்.

குருணையைப் பொறுக்கி ஒரு பழைய தேயிலை டின்னில் போட்டேன். டின்னை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

மூன்று நாள் அது அங்கேயே இருந்தது.

இந்தக் கட்டுரை முழுக்க மற்றவர்கள்மேல் கோபப்படுகிறவன், இந்த மூன்று நாளுக்காக என்மேல் கோபப்படாமல் தாண்டிப் போனால் அது அயோக்கியத்தனம். தட்டு வைத்த கை என் கை. நானும் லயத்து வீட்டில்தான் இருந்தேன். எனக்கும் மலாயில் ஒரு கடிதம் வரும். அவளுக்கு எப்படியும் உத்தரவு வந்துவிட்டது, இன்னொரு ஆளும் எதற்குத் தெருவில் நிற்க வேண்டும் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். முதல் நாள் பேசவில்லை. இரண்டாம் நாள் பேசவில்லை. அந்த இரண்டாம் நாள்தான் ஆபீஸில் அவள் வீட்டை வேறொருவர் பெயருக்கு எழுதினார்கள். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் பேசியிருப்பேனா என்றும் எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை அவள் லயத்தைக் கடந்து போனேன். சட்டி பானைகளைப் போர்வையில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். மாதா படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது. என் கால் நேராக ஸ்டோருக்குப் போய், கை டின்னை எடுத்தது.

முதலில் தாப்பாவில் இருந்த ஒரு மிருக டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தேன். மலாய்க்காரப் பெண். ஈறு வெளுத்தது, மூக்கில் இரத்தம் என்று சொல்லச் சொல்ல, அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: எலி விஷம் வைத்தீர்களா? ஆமாம் என்றேன். "முதல் நாளே சொல்லியிருந்தால் மிச்சத்துக்கு மாற்று மருந்து கொடுத்திருக்கலாமே," என்றார். அந்த 'கலாமே' இன்னும் என் காதில் இருக்கிறது.

தனபாலன் சாரின் அறைக்குப் போய் டின்னை அவர் மேசையில் கவிழ்த்தேன்.

எட்டிப் பார்த்தார். "சாயம் எறங்குன பெல்லட்டு உருண்டையா இருக்கும், ஸ்டோர்."

"அப்படின்னா ஒரு சிட்டிகை ஒங்க டீயில போட்டுக் குடிங்க சார். நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

முதல் தடவையாக அவர் பென்சிலை எடுக்கவில்லை. "வெச்சது நீங்கதானே?" என்றார், இன்னும் மெதுவாக. "யோசிச்சுப் பேசுங்க. ரெண்டு பேரும் கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் மேல பேசி முடிச்சிடுறேன். ஒண்ணும் ஆவாது."

"நான் மூணு நாளு யோசிச்சாச்சு சார். அவ மேல ஒரு வரியும் இல்ல."

அங்கேயே நின்று எழுதினேன். தமிழில்தான் எழுதினேன், மொழிபெயர்ப்பது அவர்கள் பாடு என்று. சாக்கைத் திறந்து வைத்தது உத்தரவு. மிச்சத்தைத் திரும்பக் கொட்டியது உத்தரவு. ஸ்டோருக்குள் விஷம் வைத்தது உத்தரவு. வைத்த கை என்னுடையது. ரெஜினா கழுவிய கோசு இலையில் ஒன்றும் இல்லை. அவள் கவனத்தில் குறையும் இல்லை. பெரிய துரையின் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்று மத்தியானமே அவளுடைய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வேலைக்கு வரலாம். வீடு? வீடு நேற்றே போய்விட்டதே, நேற்று முன்தினம் சொல்லியிருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தனபாலன் சார் சில மாதங்களில் கீழே ஒரு ஹோட்டலுக்குப் பெரிய பதவியில் போனார். போகிற அன்று எல்லோருக்கும் கை கொடுத்தார். என் பெயரை அன்றும் அவர் கேட்கவில்லை.

தோங் வந்தது. நாலு கேட்டதற்கு ஆறு. வாங்குவது இவ்வளவு சுலபமா என்று நான் அவற்றின் நடுவே நின்று கத்தினேன்; உள்ளே யாரும் இல்லை, தகரம்தான் திரும்பக் கத்தியது.

ஆகவே, பிள்ளைகளே, நீங்கள் கேட்ட பக்கம் இது. தீனி வந்த பையோடு தோங்கில் இறக்கி மூடியைப் பூட்டுங்கள். பையில் தேதி இருக்கும், அது தொலையாது. ஒரு தோங் தீர்ந்து, கழுவி, துளி ஈரம் இல்லாமல் காய்ந்த பிறகுதான் அடுத்த பை. பழையதன்மேல் புதியதைக் கொட்டாதீர்கள். கூடைக்குப் போனது சாக்குக்குத் திரும்பாது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். பலகைமேல் வையுங்கள், சுவரைவிட்டு வையுங்கள். சுண்டுவிரல் நுழைகிற ஓட்டையை எல்லாம் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்துச் சிமெண்டு பூசி அடையுங்கள். சுண்டெலிக்கு அதுவே வாசல். கிண்ணம் நாலு மணிக்கு உள்ளே வர வேண்டும். எலி தொட்ட தீனியைச் சலித்துப் பார்க்காதீர்கள், எறியுங்கள். கையுறை போட்டு, ஈரமாக்கித் துடையுங்கள். விஷத்துக்கும் தீனிக்கும் ஒரே கூரை கூடாது. மூக்கை நம்பாதீர்கள். வீட்டில் ஒரே ஒரு ஹேம்ஸ்டர் வளர்த்தாலும் இதுதான், தோங்குக்குப் பதில் இறுகிய மூடியுள்ள கண்ணாடி ஜாடி.

சுவரில் இருக்கும் அந்த முதல் வரியை மட்டும் கிழித்துவிடுங்கள். கவனமாக இருந்தவளைத்தான் அந்த வரி வெளியே அனுப்பியது. மூடி வாங்கித் தராதவர்கள் எழுதுகிற வரி அது.

ரெஜினா போன நாளைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். கடிதம் திரும்பிய மறுநாள், வெயில் நன்றாக இருந்த காலை. கம்போங் ராஜாவில் அவளுடைய தம்பி பூந்தோட்டத்தில் வேலை பார்த்தான். முதலாளியின் லோரியைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். கட்டில், இரண்டு பெட்டி, போர்வை மூட்டைகள். நானும் ஒரு கை பிடித்து ஏற்றினேன். அவள் என்னைத் தடுக்கவில்லை. செம்பருத்தியைப் பிடுங்கலாமா என்று தம்பி கேட்டான். "வேணாம், வர்றவங்க பாத்துக்கட்டும்" என்றாள்.

லோரியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். கண்ணாடி இறங்கியிருந்தது. அங்கே நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"அன்னிக்கே அந்த டின்ன எடுத்துட்டுப் போயிருந்தா வீடு போயிருக்காதும்மா. எனக்கு பயமா இருந்துச்சு. மூணு நாளு யோசிச்சேன். தப்புதான்."

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அழவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"எனக்கும் பயமாத்தாண்ணே இருந்திருக்கும். நானா இருந்தாலும் யோசிச்சிருப்பேன்," என்றாள். "ஆனா ஒரு நாளுதான்."